மோதிய இடமும் பிழைத்த இடமும்

கணிப்பொறி "40-ஆம் வரியில் பிழை" என்கிறது. அவ்வரியைப் பலமுறை படித்தும் பிழை ஒன்றும் காணாமல் நீங்கள் திகைத்ததுண்டா? இது ஏன் நேர்கிறது என்று பார்ப்போம்.

நாம் எழுதும் நிரலைப் பொறிக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். மாற்றுமுன் அது, ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, எழுத்துத் தொடரா என்று வகை பிரித்துச் சோதிக்கிறது. எண்ணோடு எண்ணைக் கூட்டலாம். ஒருவர் பெயரோடு எண்ணைக் கூட்ட இயலாதல்லவா? இதுவே வகைச் சோதனை.

சில மொழிகளில் வகையை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். ராபின் மில்னர் 1978-இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படையாயிற்று. சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது.

3-ஆம் வரியில் வயதை 12 என்று எழுதாமல், மேற்கோள் குறிகளுக்குள் "12" என்று எழுதிவிட்டீர்கள் என வைத்துக்கொள்வோம். வயது என்பது எழுத்துத் தொடர் என்று கம்பைலர் முடிவு செய்கிறது. 40-ஆம் வரியில் வயதோடு 1-ஐக் கூட்டுகிறீர்கள். அங்கே அது எண்ணாக இருக்க வேண்டும். இரு முடிவுகளும் மோதுகின்றன. மோதிய இடத்தைக் கம்பைலர் சுட்டுகிறது. பிழைத்த இடமோ 37 வரிகளுக்கு மேலே இருக்கிறது!

இவற்றுள் எது தவறு என்று கம்பைலரால் தீர்ப்புக் கூற முடியாது. உங்கள் எண்ணம் அதற்குத் தெரியாது. ஆனால் சாட்சிகளை உங்கள்முன் நிறுத்த முடியும். ஒவ்வொரு ஊகத்தோடும் அதற்குக் காரணமான இடத்தையும் குறித்து வைக்கும் வழியை 1986-இல் மிட்செல் வாண்ட் காட்டினார். அவ்வாறு செய்தால் செய்தி இப்படி அமையும்: "40-ஆம் வரியின் கூட்டலுக்கு எண் தேவை. ஆனால் வயது 3-ஆம் வரியில் எழுத்துத் தொடராக உள்ளது. மேற்கோள் குறிகள் வேண்டுமா என்று பாருங்கள்."

2015-இல் எல்ம் மொழியின் கம்பைலர், எளிய வாக்கியங்களில் விளக்கமும் குறிப்பும் தரத் தொடங்கியது. 2016-இல் ரஸ்ட் மொழியின் கம்பைலரும் தன் செய்திகளைத் திருத்தி அமைத்தது. நிரலின் வரிகளையே எடுத்துக் காட்டி, தொடர்புள்ள இடங்களின் கீழ்க் கோடிட்டுக் காரணம் எழுதுகிறது.

விளக்கம் நீண்டால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். தொடர்பில்லாத பத்து இடங்களைக் காட்டினால் குழப்பமே மிஞ்சும். தவறான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடத் தீங்கானது. மோதலுக்குக் காரணமான சில இடங்களை மட்டும் பொறுக்கிக் காட்டுவதே கடினமான பணி.

அடுத்த முறை வகைப் பிழை வந்தால், சுட்டிய வரியோடு நின்றுவிடாதீர்கள். அதனோடு மோதும் மற்றொரு வரி எது என்று தேடுங்கள்.