முதலில் கூடு, பிறகு கோழி

புதிய இடத்தில் வந்து குடியேறும் குடும்பம் முதலில் தேடுவது தண்ணீர், கூரை, பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை. இவை ஓரளவு ஒழுங்கானதும் "நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்ற எண்ணம் வரும். நல்ல எண்ணம்தான். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். அவசரத்துக்கு ஒரு சேவலை விற்கலாம். தோட்டத்துக்கு எருவும் சேரும்.

ஆனால் பல வீடுகளில் கோழி முதலில் வந்துவிடுகிறது. உறவினர் இரண்டு பேடு தருகிறார், அல்லது உதவித் திட்டம் ஒன்றில் கோழிகள் வந்து இறங்குகின்றன. கூடு இல்லை. அன்றிரவு அவை மாமரத்தில் ஏறுகின்றன, அல்லது குசினி மூலையில் கூடையால் மூடப்படுகின்றன. சில நாட்களில் மரநாய் வழி கண்டுவிடுகிறது. விடியற்காலையில் இறகுகளைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் கோழி ராசியில்லை" என்று அந்தக் குடும்பம் கைவிட்டு விடுகிறது. இது ராசியின் குறையல்ல, கூட்டின் குறை. ஆகவே யாராவது கோழி தருவதாகச் சொன்னால், "கூடு முடிந்ததும் சொல்லுகிறோம், அப்போது தாருங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

நிலம் யாருடையது?

கூட்டின் வகையைத் தெரிவு செய்யுமுன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். 2009 இன் பின் பலர் சொந்த வளவுக்குத் திரும்பினர். வேறு சிலர் இன்றும் உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே கூடு பொருந்தாது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவில், எங்கள் வீட்டுக் கோழிக்கூடு கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியதாக இருந்தது. அப்பு ஆசையோடு கட்டியது. அதன் கதவைத் திறந்து, கோழிகளை அவற்றின்பாட்டில் விட்டு வந்தோம். பிறகு தென்மராட்சியில் இன்னொருவர் வளவில் இருந்தபோது, நாலு பேர் தூக்கக்கூடிய ஒரு சிறு கூட்டைத் தடியாலும் பழைய தகரத்தாலும் அப்பு செய்தார். அந்தக் கூடு எங்களோடு இரண்டு முறை இடம் மாறியது. கையில் இருக்கும் காசைச் சீமெந்தில் போடுவதா, கழற்றி எடுக்கக்கூடிய மரத்தில் போடுவதா என்பதை நிலத்தின் உரிமையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை அன்று படித்தோம்.

மூன்று வகைக் கூடுகள்

1. கால்களில் நிற்கும் இரவுக்கூடு. பகலில் வளவில் மேயும் ஊர்க்கோழிகளுக்கு இதுவே பொருத்தம். நிலத்திலிருந்து 2 முதல் 3 அடி உயரத்தில், மரச்சலாகைகளை அரை அங்குலம் தொடக்கம் முக்கால் அங்குலம் வரை இடைவெளி விட்டு அடித்துத் தளம் அமைக்கலாம். எச்சம் கீழே விழும், தளம் ஈரமாகாது. வெள்ளம் நிற்கும் காணிக்கும் ஏற்றது. கால்களை மண்ணில் புதைக்காமல் கற்களின் மேல் நிறுத்தினால் கறையான் இலகுவில் ஏறாது, வேண்டியபோது தூக்கியும் செல்லலாம். காணி நிச்சயமில்லாதவர்கள் இதையே தெரிவு செய்க.

2. தரைக்கூடு. சொந்தக் காணியும் மேடான நிலமும் உள்ளவர்களுக்கு உரியது. நிலத்தைச் சுற்றாடலை விட ஓர் அடி உயர்த்தி, தரையில் 3 முதல் 4 அங்குலத் தடிப்புக்கு உமி அல்லது மரத்தூள் பரப்ப வேண்டும். கிழமைக்கு ஒரு தடவையாவது கிளறி, ஈரமான பகுதியை அகற்றிப் புதிதாகப் போட வேண்டும். இந்தக் கூளம் பின்னர் நல்ல எருவாகும். கவனிக்க நேரமில்லாத வீட்டில் கூளம் நனைந்து நாறும். நோயும் அங்கேதான் தொடங்கும்.

3. கம்பிக் கூண்டு. கடைகளில் பார்க்க அழகாயிருக்கும். அதில் அடைத்த கோழிக்கு முழுத் தீனியும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். முதன்முதலாகத் தொடங்கும் குடும்பத்துக்கு இதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

எவ்வளவு பெரிய கூடு?

ஐந்து பேடும் ஒரு சேவலும் என்று தொடங்குவோம். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்றால் 12 சதுர அடி வேண்டும். அதாவது 4 அடி நீளம், 3 அடி அகலம். உள்ளே இருந்து தூங்குவதற்கு, 4 அடி நீளத் தடி ஒன்றைக் கூட்டின் நடுவில் நீளவாக்கில் பொருத்துங்கள். கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் என்ற கணக்கில் ஆறு கோழிக்கும் அது போதும். தடி நடுவில் இருந்தால், இரவில் மரநாய் கம்பிவலைக்கு வெளியே நின்று கைவிட்டாலும் கோழியை எட்டாது.

தடியின் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டையின் அடியில்தான் செவ்வுண்ணிகள் பகலில் ஒளித்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும்.

முட்டையிட 12 அங்குலச் சதுரமான இரண்டு பெட்டிகள் போதும். நாலைந்து பேட்டுக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. பெட்டி இருட்டான பக்கத்தில், தூங்கும் தடியை விடப் பணிவாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழிகள் பெட்டிக்குள் தூங்கி முட்டையை அழுக்காக்கிவிடும்.

காற்றும் மழையும் வெயிலும்

கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது உடற்சூட்டைத் தணிக்கிறது. ஆகவே தகரத்தால் நாலு பக்கமும் அடைத்த கூடு பங்குனி, சித்திரை வெயிலில் அதற்கு அடுப்பாகிவிடும். கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலை நல்லது. தகரம் மட்டுமே இருந்தால் அதன் மேல் ஓலை பரப்பி, மர நிழலில் வையுங்கள்.

கூட்டின் நீளப்பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். அப்போது காலை, மாலை வெயில் ஒடுங்கிய பக்கங்களில் மட்டுமே படும். மாரியில் வாடைக்காற்றோடு சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்துக்குச் சாக்கு அல்லது தறப்பாள் துண்டைத் திரைபோலக் கட்டி, மழை விட்டதும் சுருட்டி விடுங்கள். கூரை சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும்.

காற்றோட்டம் போதுமா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்து, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் காற்றோட்டமும் துப்புரவும் போதாது.

எதிரிகள்

பகலில் கீரி, பிராந்து, காகம். இரவில் மரநாய், பாம்பு, எலி. ஓர் அங்குலக் கண்ணுள்ள சாதாரண வலை பெரிய எதிரிகளைத் தடுக்கும். ஆனால் எலியும் சிறு பாம்பும் அதற்குள்ளால் போகும். அரை அங்குல வலை விலை கூடியது. முழுக்க வாங்க முடியாவிட்டால், முட்டைப் பெட்டி உள்ள பக்கத்துக்கும் குஞ்சுகள் இருக்கும் பகுதிக்குமாவது அதை அடியுங்கள். கதவுக்குக் கயிறு போதாது, கொளுக்கி போட வேண்டும்.

கூடு முடிந்த அன்றிரவு உள்ளே ஒரு ரோச் லைற்றை வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே சுற்றி வாருங்கள். வலையும் சலாகையும் இல்லாத இடத்தால் வெளிச்சம் வந்தால், அது எதிரியின் வழி. அதை அடைத்த பிறகு கோழியைக் கொண்டு வாருங்கள்.

மரமும் கிணறும்

தடி, கம்பு வெட்டுவதற்காக ஆட்கள் புழங்காத பற்றைக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டிய எல்லைக்குள் ஒரு அடியும் வைக்க வேண்டாம். வேலிக் கதியால், பழைய கதவு, உடைந்த கட்டில் எல்லாமே கூட்டுக்கு உதவும்.

கிணற்றுக்குக் கிட்டக் கூடு வைக்காதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே கிடக்கும் கழிவு மழையோடு இலகுவில் நிலத்தடி நீரில் சேரும். எச்சத்தைக் குவித்து, குப்பையோடு உக்க வைத்த பிறகே பயிருக்குப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பயிர் கருகும்.

முதல் கிழமை

கோழிகள் வந்ததும் ஒரு கிழமை வரை கூட்டிலும் அதையொட்டிய அடைப்பிலும் வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். அதன் பின் திறந்துவிட்டால், பொழுதுபடத் தாமாகவே திரும்பி வரும். இந்த நாட்களிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், றாணிக்கெற் நோய்த் தடுப்பு மருந்து எப்போது கொடுக்கலாம் என்று கேட்டு வையுங்கள். எவ்வளவு நல்ல கூடும் அந்த நோயைத் தடுக்காது.

பொழுதுபடும்போது எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒரு பிள்ளையிடம் கொடுப்பது நல்லது. ஆறு கோழியையும் காலையில் ஆறாகவே திறந்துவிடும் பிள்ளைக்கு, இந்தப் புதிய வளவில் தனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்ற எண்ணம் வரும்.