ஹைட்ரஜன் கலனைக் காக்கும் முலாம்

கிள்ளை, முடசலோடை, பிச்சாவரம் எனச் சிதம்பரத்துக்குக் கிழக்கே விரியும் கழிமுகக் கரையில் இரும்புப் பொருள் எதுவும் உப்புக்காற்றுக்குத் தப்புவதில்லை. படகின் எந்திரப் பாகம் முதல் வீட்டுச் சன்னல் கம்பி வரை, வண்ணம் உரிந்த இடத்தில்தான் துரு முதலில் கால் வைக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்புக் கலனின் உட்புறமோ இந்தக் கரையை விடவும் கொடியது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் மதிப்பிலான தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததிலிருந்து சூரிய மின்சாரத்தின் விலை பேசப்படும் அளவுக்கு, கலனின் ஆயுளைத் தீர்மானிக்கும் மெல்லிய உலோகப் பூச்சு பேசப்படுவதில்லை.

புரோட்டான் பரிமாற்றச் சவ்வு எனப்படும், ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் கடத்தும் அமிலத்தன்மை கொண்ட நெகிழிப் படலத்தை நடுவில் வைத்து இயங்கும் கலனில், நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும் என்றாலும், நடைமுறையில் மின்னழுத்தம் 2 வோல்ட்டை நெருங்குகிறது. ஆக்சிஜன் வெளிப்படும் நேர்மின்வாய்ப் பக்கத்தில் அமிலமும் ஆக்சிஜனும் உயர் மின்னழுத்தமும் ஒருசேரத் தாக்குவதால், எவர்சில்வர் எனப் புழங்கும் துருப்பிடிக்காத எஃகின் குரோமியக் காப்புப் படலமும் அங்கே கரைந்துவிடுகிறது; கரைந்த இரும்பு அயனிகள் சவ்வுக்குள் புகுந்து, அதை அரிக்கும் வேதிவினைகளைத் தூண்டுகின்றன. ஆகவேதான் கலன்களை அடுக்கி இணைக்கும் இருமுனைத் தகடுகள் டைட்டானியத்தால் செய்யப்படுகின்றன.

டைட்டானியம் கரையாமல் நிற்பது அதன் மேல் தானாகவே உருவாகும் ஆக்சைடு படலத்தால். ஆனால் அதே படலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால், அது தடிக்கத் தடிக்க மின்தடை ஏறி, மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. பிளாட்டினம் போன்ற உயர் உலோகத்தை முலாமாகப் பூசுவது இந்தப் படலம் தடிப்பதைத் தவிர்ப்பதற்கே. மலிவான எஃகின் மேலேயே பூசினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று இருந்தாலும் எஃகு அந்த வழியே கரைந்துகொண்டே போகும், டைட்டானியமோ ஆக்சைடால் அந்தத் துளையைத் தானே மூடிக்கொள்ளும் என்பதே அதற்கு விடை. எஃகின் மேல் முதலில் அடர்த்தியான டைட்டானிய அடுக்கைப் பிளாஸ்மா சுடரால் தெளித்து, அதன் மேல் பிளாட்டினம் பூசும் முறையை ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்ததும் இந்தத் துளைகளை வெல்வதற்காகவே.

இத்துறையில் தமிழகம் புதிதாகக் கற்கத் தொடங்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உப்புநீரை மின்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலைகளுக்காக, தேய்ந்துபோகும் கிராஃபைட்டுக்கு மாற்றாகப் பூச்சிட்ட டைட்டானிய மின்வாய்களை உருவாக்கியது. இவ்வகை மின்வாய் உருவாகும் விதம் கைவினைக்கு நெருக்கமானது: தகட்டை அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கி, ருத்தேனியம் உப்புக் கரைசலைத் தூரிகையால் பூசி, உலர்த்தி, சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, மீண்டும் மீண்டும் பூசிச் சுடுவர். எனினும் அமிலச் சூழலில் ஆக்சிஜன் வெளிப்படும்போது ருத்தேனியம் ஆக்சைடு நெடுநாள் தாங்காது. தாங்கும் இரிடியமோ உலகம் முழுவதிலும் ஆண்டுக்குப் பத்து டன்கூடக் கிடைப்பதில்லை. பூச்சை எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்பது அதனால் வெறும் சிக்கனக் கேள்வியன்று.

கிள்ளைக்கு அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் வெப்பத் தெளிப்புப் பூச்சுகள் நெடுங்காலமாக ஆராயப்படுகின்றன. அங்கும் காரைக்குடியிலும் உள்ள திறமை ஹைட்ரஜன் கலனை நோக்கித் திருப்பப்பட வேண்டும். அதிலும் சோதனைக்கே முதலிடம் தரப்பட வேண்டும். சூரிய மின்சாரத்தில் ஓடும் கலன் மாலையில் நின்று காலையில் மீண்டும் இயங்கும்போது மின்னழுத்தம் ஏறியிறங்கிப் பூச்சைச் சோர்வடையச் செய்கிறது; சீரான மின்சாரத்தில் சில நூறு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் ஆய்வகச் சோதனை இந்தச் சோர்வைக் காட்டுவதில்லை.