கயிலைச் சாரலில் ஓர் உவர்நீர் ஏரி

திருக்கயிலையின் தென்புறத்தே, இமயத் தொடருக்கு அப்பால், திபெத்து மேட்டுநிலத்தில் இரண்டு ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கிழக்கே உள்ளது மானசரோவரம். மேற்கே உள்ளதை வடநாட்டார் இராட்சத தால் என வழங்குவர். தால் என்பது ஏரி எனப் பொருள்படும் இந்திச் சொல். இராவண ஹ்ரதம், அஃதாவது இராவணன் மடு, என்னும் வடமொழிப் பெயரும் அதற்கு உண்டு. முன்னது நன்னீர், பின்னது உவர்நீர். முன்னதில் ஒருமுறை நீராடப் பெறுதல் பிறவிப் பயன் என்பர். பின்னதன் நீரைக் கையாலும் தொடலாகாது என்பர். இரண்டையும் பிரிப்பது ஒருசில கிலோமீற்றர் அகலமுள்ள மேட்டு நிலமேயாம். ஒரே மலைகளின் பனியுருகிய நீரை உண்டு, ஒரே வானத்தின் கீழ்க் கிடக்கும் இவற்றுள் ஒன்று தீர்த்தமாகவும் மற்றொன்று விலக்கப்பட்ட நீராகவும் ஆனது எவ்வாறு என்பது ஆராய்தற்குரியது.

இராவணன் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,575 மீற்றர் உயரத்தில் உள்ளது. மானசம் அதனினும் பதினைந்து மீற்றர் அளவு உயர்ந்தது. இச் சிறு வேற்றுமை பின்னர் வேண்டப்படும். பரப்பிலே மானசம் 410 சதுர கிலோமீற்றர் அளவினது. இராவணன் ஏரி ஏறக்குறைய 250. வடக்கே 6,638 மீற்றர் உயர்ந்த கயிலையும், தெற்கே 7,694 மீற்றர் உயர்ந்த குர்லா மாந்தாதாவும் காவல் நிற்கின்றன. மானசம் பெரும்பாலும் வட்டமானது. மற்றதன் கரையோ உள்ளும் புறமுமாக வளைந்து, விரிகுடாக்களும் முனைகளும் தீவுகளும் உடையதாய்க் காணப்படும். திபெத்தியர் முன்னதை ஞாயிற்றின் வடிவென்றும் ஒளியென்றும், பின்னதைப் பிறைத்திங்களின் வடிவென்றும் இருளென்றும் கூறுவர். அழகு ஒன்றையே நோக்குமிடத்து இருளெனப்பட்ட ஏரி சிறிதும் தாழ்ந்ததன்று. அதன் நீலம் கண்டாரை நெடுநேரம் நிற்கச் செய்வது.

உவர்ப்பின் காரணம் எளிதில் விளங்கத்தக்கது. மலையினின்று இறங்கும் எந்த ஆறும் பாறைகளிற் கரைந்த உப்புக்களைச் சிறிதளவேனும் சுமந்தே வரும். நீர் வெளியேற வழியுள்ள ஏரியில் அவ்வுப்பும் நீரோடு வெளியேறிவிடும். வழியில்லாத ஏரியிலோ வெயிலும் காற்றும் நீரை மாத்திரம் கவர்ந்து செல்ல, உப்பு எஞ்சி நின்று ஆண்டுதோறும் பெருகும். இமயத்தின் மறைவிற் கிடப்பதால் இந்நிலத்தில் மழை மிகக் குறைவு. காற்றோ ஓயாது வீசுவது. ஒரு காலத்தில் இராவணன் ஏரியின் வடமேற்கு மூலையிலிருந்து சட்லெஜ் ஆற்றுக்கு நீர் சென்றமைக்கு அங்குள்ள பழைய ஆற்றுப்படுகை சான்றாகும். அவ்வழி வறண்டபின் ஏரி உவர்க்கத் தொடங்கிற்று. எனினும் அதன் உவர்ப்பைக் கடலின் உவர்ப்போடு ஒப்பிடலாகாது. கடல்நீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு உண்டு. இவ்வேரியில் உள்ளது அதில் மிகச் சிறிய கூறேயாம். நஞ்சு என்னும் பெயர் நாவினால் வந்ததன்று, கதையினால் வந்தது.

அவ்வாறாயின் மானசம் மட்டும் நன்னீராய் நிலைத்தது எதனால்? அதன் நீர் எங்கே வெளியேறுகின்றது? இவ்வினா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சியாளரை அலைக்கழித்தது. 1812 இல் இந்துத் துறவியின் வேடம் பூண்டு அங்குச் சென்ற மூர்குரொவ்ற் என்னும் ஆங்கிலேயர் மானசத்தின் கரையிலே தேடி, நீர் வெளியேறும் வழி யாதும் இல்லையெனத் துணிந்தார். 1846 இல் குமாயூன் வழியாகச் சென்ற ஹென்றி ஸ்திரேச்சி, மானசத்தினின்று இராவணன் ஏரிக்கு ஓர் ஓடை நிறைந்து ஓடுவதைக் கண்ணாற் கண்டார். 1907 இல் சுவீடன் நாட்டு ஸ்வென் ஹெடின் சென்றபோது அவ்வோடையில் நீர் ஓடவில்லை. ஆங்காங்கே குட்டைகளே இருந்தன. நீர் நிலத்தின் கீழாகக் கசிந்து மேற்கே செல்கின்றது என்பது அவர் கொண்ட முடிபு. ஒருவர் கூற்று மற்றவர் கூற்றை மறுப்பதுபோலத் தோன்றினும் மூவரும் தாம் கண்டதையே கூறினர். கங்கா சூ எனப்படும் அவ்வோடை பத்துக் கிலோமீற்றர் அளவு நீளமுடையது. மானசம் நிறையும் ஆண்டில் அது பெருகும். குறையும் ஆண்டில் வறளும். வறண்ட காலத்தும் கசிவு நிற்பதில்லை. பதினைந்து மீற்றர் உயர வேற்றுமை செய்யும் வேலை இதுவே.

இதன் பயன் சிந்திக்கத்தக்கது. மானசம் தன் மிகுநீரை மேற்கே விடுகின்றது. அந்நீரோடு தன்னுட் சேரும் உப்பையும் விடுகின்றது. அதனை ஏற்றுத் தன்னகத்தே வைத்துக்கொள்வது இராவணன் ஏரி. ஆகவே புனித ஏரியின் நன்னீர்மை விலக்கப்பட்ட ஏரி இருப்பதனாலேயே காக்கப்படுகின்றது என்றல் மிகையன்று. ஆலகாலத்தை ஒருவர் கண்டத்தில் அடக்கியமையாற் பிறர்க்கு அமுதம் கிடைத்த வரலாற்றை அறிந்த சைவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

திபெத்து மக்கள் இவ்வுண்மையைக் கதை வாயிலாகச் சொல்லி வைத்திருக்கின்றனர். ஆதியில் இராட்சதர் வாழ்ந்த ஏரியாதலின் அதன் நீரை எவரும் பருகாதிருந்தனர். மானசத்தில் வாழ்ந்த இரண்டு பொன்மீன்கள் தம்முட் பொருதன. ஒன்று தப்பியோட மற்றொன்று துரத்திச் சென்றது. அவை சென்ற தடமே கங்கா சூ ஆயிற்று. அத்தடத்தின் வழியே மானசத்தின் நீர் பாய்ந்ததனால் மற்ற ஏரியும் தூய்மை பெற்றது என்பது அக்கதை. ஓடையில் நீர் ஓடுதல் நற்குறி என்று அவர்கள் இன்றும் கொள்வர். ஓடை தொடங்குமிடத்திற் குன்றின்மேல் அமைந்துள்ளது சியு என்னும் பௌத்த மடம். இந்து யாத்திரிகரிடையே வழங்கும் நஞ்சு என்னும் எண்ணத்தைவிட இக்கதை ஏரியின் இயல்புக்கு நெருங்கியது.

இனி இராவணன் கதைக்கு வருவோமாயின், வான்மீகியின் உத்தரகாண்டத்தில் அவன் குபேரனை வென்று புட்பக விமானத்தில் மீளும்போது கயிலையருகே விமானம் தடைப்பட்டமையும், நந்தியை இகழ்ந்து சாபம் பெற்றமையும், மலையைப் பெயர்க்க முயன்று இறைவனின் கால்விரலால் நெரியுண்டு அலறியமையும், பின் அருள்பெற்றுச் சந்திரகாசம் என்னும் வாளைப் பெற்றமையும் கூறப்படுகின்றன. ஏரியைப் பற்றிய ஐதிகம் மக்களிடையே வழங்குவது. இவ்வேரிக் கரையில் அவன் நாள்தோறும் ஒரு தலையை அரிந்து வேள்வியிலிட்டுத் தவஞ்செய்ய, பத்தாம் நாள் இறைவன் தோன்றி வரமளித்தான் என்பர். வியப்பு யாதெனின், இக்கதை தவத்தையும் அருளையும் கூறுகின்றது; வழக்கமோ அத்தவம் நிகழ்ந்த நீரை விலக்குகின்றது! திபெத்திய மொழியில் ஏரியின் பெயர் லாங்கா த்சோ என ஒலிப்பதைக் கொண்டு சிலர் அதனை இலங்கையோடு இணைக்க முற்படுவர். ஒலி ஒப்புமை ஒன்றே மொழியாராய்ச்சிக்குப் போதிய சான்றாகாது.

தமிழ்ச் சைவ மரபு இராவணனை நோக்கும் நோக்கு வேறு. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களுட் பெரும்பாலானவற்றில் எட்டாந் திருப்பாட்டை அவனுக்கென ஒதுக்கினார். செருக்கால் மலையெடுத்தமையைக் கூறி, அடர்க்கப்பட்டமையைக் கூறி, அத்தோடு நில்லாது அவன் பாட அருள்பெற்றமையையும் பல இடங்களிற் கூறினார். திருக்கோணமலைப் பதிகத்து எட்டாந் திருப்பாட்டும் அவ்வாறானதே. அக்கோணமலையின் பாறைப் பிளவு இன்றும் இராவணன் வெட்டு என வழங்குகின்றது. திருநாவுக்கரசர் தம் பதிகங்கள் பலவற்றை அவன் கதையோடு முடித்தார். மலைக்கீழ் நெரியுண்ட இராவணன்மீது இரங்கி, இசைபாடி இறைவனை மகிழ்விக்குமாறு வழிகாட்டிய வாகீச முனிவரே பின்னர்த் திருநாவுக்கரசராய்ப் பிறந்தார் என்று சைவர் வழங்கும் ஒரு வரலாறும் உண்டு. அவ்வரசர் முதுமையிற் கயிலை காணப் புறப்பட்டுக் கால் தேய, கை தேய, மார்பு தேய, உடல் புரண்டு சென்று, இறைவன் பணித்தவாறு ஒரு தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தமையைச் சேக்கிழார் விரித்துரைப்பர். தண்டிக்கப்பட்டவன் அருளப்பட்டவனாகவும் நினைக்கப்படும் இம்மரபிலே அவன் பெயர் தாங்கிய ஏரியை வெறுத்தற்கு இடமில்லை.

பறவைகளும் வெறுக்கவில்லை. மழைக்காலத்தில் அன்னங்கள் மானசத்தை நாடிச் செல்லும் என்று காளிதாசன் முதலிய புலவர் பாடினர். ஆந்திர நாட்டிற் பிறந்து, 1928 தொடங்கிப் பலமுறை கயிலைப் பகுதிக்குச் சென்று, ஓராண்டு முழுவதும் மானசக் கரையிலே தங்கி ஆராய்ந்த சுவாமி பிரணவானந்தர், உறைந்த பனியின்மேல் நடந்து இராவணன் ஏரியின் தீவுகளை அடைந்தார். மனித நடமாட்டமற்ற அத்தீவுகளுள் லாச்சாதோ என்பதிலே வாத்தினப் பறவைகள் முட்டையிடுதலை அவர் குறித்துள்ளார். நாற்புறமும் நீர் காக்கும் தீவு மானசத்தில் இல்லை. வரித்தலை வாத்து எனப்படும் இனம் இம்மேட்டுநில ஏரிகளிற் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக் கூந்தன்குளம் வரை வந்து சேர்வது.

1981 இல் இந்திய அரசின் ஏற்பாட்டில் மீளத் தொடங்கிய கயிலை யாத்திரை 2020 இல் தடைப்பட்டு 2025 இல் மறுபடியும் நடைபெற்றது. தக்லாக்கோட்டிலிருந்து வடக்கே செல்லும் யாத்திரிகர் கண்ணில் முதலிற் படுவது மானசமன்று, இராவணன் ஏரியே. அங்கு வண்டிகள் நிற்கும். அந்நீலப் பரப்புக்கு அப்பால் வெண்பனி போர்த்த கயிலை தோன்ற, பலர் அவ்விடத்திலேயே நிலத்தில் வீழ்ந்து வணங்குவர். கீழே இறங்கி நீரைத் தொடுவோர் அரியர்.