குரங்கானாலும் தின்னலாம்!

ஐப்பசி மாதத்து அடைமழை பிடித்துக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வாசலில் தண்ணீர், திண்ணையில் சாரல், கொல்லையில் சேறு. வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தால் முப்பது குழந்தைகள் இருப்பதுபோல் தோன்றும் நாள் இது. காலை எட்டு மணிக்குள் காகிதக் கப்பல்கள் எல்லாம் விட்டாகிவிட்டன. ஒன்பது மணிக்குள் இரண்டு யுத்தங்கள் மூண்டு சமாதானமும் ஏற்பட்டுவிட்டது. பத்து மணிக்கு மூவரும் சமையலறை வாசற்படியில் வந்து நிற்கிறார்கள். உள்ளேயிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு, "தொடாதே!" என்பதுதான்.

நம் வீடுகளில் ஒரு குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தச் சொல்லைக் கேட்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? மாவைத் தொடாதே, வெல்லத்தைத் தொடாதே, தேங்காய்த் துருவலைத் தொடாதே! இப்படித் தொடாமலே வளர்ந்த கைகளைப் பார்த்து, இருபதாவது வயதில், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று குறை கூறுகிறவர்களும் நாமேதான். அந்தச் சொல்லை இந்த மழைக்காலத்திலாவது கொஞ்சம் நிறுத்தி வைக்கலாகாதா என்று கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

குளிர் நாடுகளில் இது இலையுதிர் காலம். மரங்களெல்லாம் பொன்னும் செம்பும் பூசினாற்போல் நிறம் மாறி நிற்கும். ஆப்பிள் பழமும் பூசணியும் வீடு வந்து சேரும். அந்நாட்டுத் தாய்மார்கள் பிசைந்த மாவைப் பரப்பி வைக்க, குழந்தைகள் இலை வடிவமான அச்சுகளை அதன்மேல் அழுத்திப் பிஸ்கோத்து வெட்டுவார்கள். ஆப்பிளைக் குச்சியில் குத்திச் சர்க்கரைப் பாகில் தோய்ப்பார்கள். கண்ணால் கண்ட பருவத்தைக் கையால் செய்து வாயால் உண்டுவிடுவது மிகவும் அழகான வழக்கமே.

ஆனால் இதைக் கேட்டு, நம் ஊரில் மேப்பிள் மரம் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. ஆண்டை ஆறு பருவமாக வகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். வடமொழியாளர் இதைச் சரத் ருது என்பர். நமது கூதிர், இலை உதிர்கின்ற காலம் அன்று. இலை நனைகின்ற காலம். குழந்தைகள் கையால் செய்து உண்பதற்கு இதற்கும் தனியான பண்டங்கள் உண்டு. வடநாட்டில் தீபாவளி வந்தால் சர்க்கரையை அச்சில் வார்த்த யானைகளும் குதிரைகளும் நெல்பொரியோடு கடைத்தெருவில் வந்து குவியும். வங்காளத்தில் விஜயதசமி கழிந்து வரும் பௌர்ணமியன்று லக்ஷ்மி பூஜைக்குத் தேங்காய் உருண்டை பிடிப்பார்கள். நமக்கோ கார்த்திகைத் தீபம் இருக்கிறது. பொரி உருண்டை இருக்கிறது. நெல்லைச் சீமையின் ஓலைக் கொழுக்கட்டையும் இருக்கிறது.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது" என்று நம்மவர் பழமொழி சொல்வதுண்டு. களிமண்ணில் பிடித்தால் அது பெரிய சங்கடந்தான். பிடித்த குரங்கை என்ன செய்வது? அரிசி மாவில் பிடித்தாலோ கவலையே இல்லை. குரங்கை ஆவியில் வேகவைத்துத் தின்றுவிட்டு மறுபடியும் பிள்ளையார் பிடிக்கலாம். தவறு செய்தால் அடி விழாமல் பலகாரம் கிடைக்கும் வித்தை உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். தவறுக்கு அஞ்சாத குழந்தை எவ்வளவு விரைவில் கற்றுக்கொள்கிறது என்பதை ஒரு நாள் கூடவிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இது நம்முடைய சொந்த யோசனை என்று பெருமை கொண்டாட நாம் விரும்பவில்லை. 1907-ம் வருஷம் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார், தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது முதலிய வீட்டு வேலைகளையே குழந்தைகளின் முதற் பாடமாக வைத்தார். அவர் 1939-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரையில் இந்நாட்டிலேயே தங்கும்படி நேர்ந்தது. அவர் வருவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1937-ல், வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தி மகான், ஒரு கைத்தொழிலின் வாயிலாகவே குழந்தைக்குக் கல்வி புகட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் மனத்தில் இருந்தது இராட்டை. நம் அடுக்களையில் அரிசி மாவு இருக்கிறது. கையின் வழியாக அறிவு ஏறும் என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவே.

சரி, காரியத்துக்கு வருவோம். முதலில் மிகச் சிறிய குழந்தைகளும் செய்யக்கூடிய உருவக் கொழுக்கட்டை. ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறி இறக்கவேண்டும். இது பெரியவர்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தால் மாவு வெடிக்காது. ஒரு பகுதியில் சிட்டிகை மஞ்சள் தூளும், மற்றொரு பகுதியில் இரண்டு சொட்டுப் பீட்ரூட் சாறும் சேர்த்துவிட்டால் மூன்று வர்ணம் ஆயிற்று. பிறகு குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். நத்தை, தவளை, குடை, மழைக்காலத்துக் காளான், கப்பல் எல்லாம் உருவாகும். கண்ணுக்குக் கறுப்பு எள் போதும். இட்லித் தட்டில் வைத்துச் சுமார் 10 நிமிஷம் ஆவியில் வேகவைத்தால் ஒரு மிருகக் காட்சிசாலையே வெளியே வரும்.

சென்ற மழைக்காலத்தில் நமக்கு இப்படி ஒரு பிராணி பரிமாறப்பட்டது. நான்கு கால்கள் இருந்தன. ஐந்தாவதாகவும் ஏதோ ஒன்று இருந்தது. "ஆமை பேஷாய் இருக்கிறது!" என்றோம். செய்த சிற்பிக்கு வயது ஐந்து. அவன் கண்களில் நீர் தளும்பிவிட்டது. "அது யானை மாமா!" என்றான். அன்றிலிருந்து நாம் ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறோம். உருவத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை செய்தவனுக்கே உரியது. தின்பவர் வாயைத் திறக்க வேண்டியது தின்பதற்கு மட்டுமே.

இரண்டாவது, ஓலைக் கொழுக்கட்டை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களில் கார்த்திகைத் தீபத்தன்று இது இல்லாத வீடு அபூர்வம். மேனாட்டார் மாவை இலைபோல் வெட்டுகிறார்கள் என்றோமே. நம்மவர் இலைக்குள்ளேயே மாவை வைத்துவிட்டார்கள்! இளம் பனங்குருத்தோலையைத் துடைத்து, ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளவேண்டும். வறுத்த அரிசி மாவு 2 பங்கு, கருப்பட்டி 1 பங்கு, துருவிய தேங்காய் அரை மூடி, வறுத்து வேகவைத்த சிறுபயறு ஒரு கைப்பிடி, சுக்கும் ஏலமும் மணத்துக்கு. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தச் சூட்டோடு மாவில் விட்டுப் பிசையவேண்டும். ஓலையின் மடிப்புக்குள் மாவை நீளமாக அடைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டி, கால் மணி முதல் இருபது நிமிஷம் வரை ஆவியில் வைத்தால் முடிந்தது. அடைப்பதும் கட்டுவதும் குழந்தைகளுக்கே ஏற்பட்ட வேலைகள். ஓலையின் ஓரம் கையைக் கீறாதபடி பெரியவர்கள் முன்கூட்டியே சீவி வைத்துவிடவேண்டும். வெந்தபின் கட்டை அவிழ்த்தால், ஓலையின் வரிகள் அப்படியே கொழுக்கட்டையின்மேல் பதிந்திருக்கும். அந்தப் பச்சைப் பனை மணத்தை எந்தக் கடையிலும் பொட்டலம் கட்டி வாங்க முடியாது. பனைமரத்தையே பார்த்திராத பட்டணத்துக் குழந்தை, அன்று அதை மூக்காலும் நாக்காலும் அறிந்துகொள்கிறது.

மூன்றாவது, பொரி உருண்டை. இதைச் சொல்லும்போது நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நினைவு வருகிறது.

அந்த வீட்டில் கார்த்திகைதோறும் பொரி உருண்டை பிடிப்பவர் பாட்டியம்மாள். மருமகள் உத்தியோகம் பார்ப்பவர், நல்ல கெட்டிக்காரி. என்றாலும், "நீ களைத்து வந்திருக்கிறாய், போய் உட்கார்" என்று பாட்டி அவரை அடுப்பண்டை விடுவதில்லை. பேத்தி மட்டும் நான்கு வயது முதல் பாட்டியின் பக்கத்தை விட்டு நகரமாட்டாள். நெல்பொரியை முறத்தில் பரப்பி உமி பொறுக்குவது அவள் வேலை. பாட்டி சூட்டோடு அரைகுறையாய்த் திரட்டிப் போட்ட உருண்டைகளை, சற்று ஆறியபின், அரிசி மாவு தொட்ட சின்னக் கைகளால் மறுபடியும் இறுக்கி உருட்டுவதும் அவளே. அவளுடைய உருண்டைகள் சில எலுமிச்சம்பழம்போலவும் சில சுரைக்காய்போலவும் இருக்கும். பாட்டி ஒன்றையும் திருத்தமாட்டார். தட்டில் அவற்றைத்தான் முதலில் அடுக்குவார்.

ஒரு வருஷம் ஆவணியில் பாட்டியம்மாள் காலமாகிவிட்டார். அந்த வருஷம் பண்டிகை இல்லை. மறு வருஷக் கார்த்திகையில், மாமியார் நினைவாகத் தாமே செய்யவேண்டும் என்று மருமகள் முனைந்தார். புத்தகத்தைப் பார்த்து, 4 பங்கு பொரிக்கு 1 பங்கு வெல்லம் அளந்தார். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் காய்ச்சினார். புத்தகத்தில் கண்டபடி கடிகாரத்தைப் பார்த்து இறக்கி, பொரியும் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிடித்தார். பிடித்த உருண்டைகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து உதிர்ந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொரி வீணானதற்காக அவர் அழவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமற் போய்விட்டதே என்றுதான் அழுதார்.

அப்போது பத்து வயதுப் பேத்தி, "அம்மா, பாட்டி ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விடுவாள். அது கரையாமல் நிற்கும். அதை எடுத்து உருட்டித் தட்டில் போடுவாள். 'டணங்'கென்று சப்தம் கேட்டால்தான் இறக்குவாள். நீ சப்தமே கேட்கவில்லையே!" என்றாள்.

மறுபடியும் வெல்லம் அடுப்பில் ஏறிற்று. முதற் சொட்டு தண்ணீரில் கரைந்தது. இரண்டாவது இழுபட்டது. மூன்றாவதை உருட்டித் தட்டில் போட்டாள். 'டணங்' என்றது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று விளக்கேற்றும் நேரத்தில் தட்டு நிறைய உருண்டைகள் இருந்தன. இரண்டொன்று சுரைக்காய் வடிவத்திலும் இருந்தன.

பாட்டியம்மாள் அந்தக் குழந்தைக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. பதம் என்பது என்ன என்று விளக்கியதுமில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். கையில் கொஞ்சம் பொரியைக் கொடுத்தார். அவ்வளவுதான். அன்று அவர், "போ, போய் விளையாடு, தொடாதே" என்று சொல்லியிருந்தால், அந்த வீட்டுப் பாகின் பதம் அவரோடு போயிருக்கும். நம் நாட்டில் எத்தனையோ நல்ல பதங்கள் ஏட்டில் ஏறாமல் விரலிலேயே இருக்கின்றன. ஒரு தலைமுறை கை கட்டி நின்றுவிட்டால் அவற்றைத் தேடி எடுப்பது எளிதன்று.

ஆகையால், இந்த மழைக்காலத்தில் அடுக்களைக் கதவைத் திறக்கும் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். அடுப்பும், கொதிநீரும், பாகும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். கொதிக்கும் பாகு சுட்டால் கொதிநீரைவிடப் பொல்லாதது. தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. கை கழுவுவது முதற் பாடமாகவும், மாவு சிந்திய இடத்தைத் துடைப்பது கடைசிப் பாடமாகவும் இருக்கட்டும். பெண் குழந்தைக்கு மட்டும் முறத்தைக் கொடுத்து, பையனைத் திண்ணைக்கு அனுப்பிவிடவேண்டாம். பசி இருவருக்கும் உண்டு. குழந்தை பிடித்ததை வாங்கி, "இப்படியல்ல" என்று நீங்கள் அழகாகத் திருத்திக் கொடுக்கவே கூடாது. திருத்தினால் பலகாரம் அழகாகும். குழந்தையின் கை அதன் பிறகு நீளாது.

தகப்பனார்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாலையில் வீடு திரும்பியதும், தட்டில் கோணல் மாணலாய் ஒன்று உங்களுக்கென்று காத்திருக்கும். அது என்ன உருவம் என்று ஊகிக்க முயல வேண்டாம். முதலில் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "இன்னொன்று உண்டா?" என்று கேளுங்கள். மழை நின்று, பள்ளிக்கூடம் திறந்து, அந்தக் குழந்தைக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும், அந்தக் கேள்வி அதன் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்.