விலை 20 தேங்காய்! - லா பாஸ் துறைமுகத்தில் கடல் கடக்கக் காத்திருக்கும் தம்பதிகள்

காலை எட்டு மணி. மெக்சிகோவின் லா பாஸ் வளைகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுகளில் வானொலிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் கரகரக்கின்றன. வி.ஹெச்.எஃப். 22-ம் சேனல். யாருக்காவது அவசர உதவி வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பிறகு வானிலை, கடல் ஏற்றவற்ற நேரம், அமெரிக்கா போகிறவர் யாராவது தபால் எடுத்துப்போக முடியுமா என்ற விசாரிப்பு. கடைசியில் பண்டமாற்று. ஒருவரிடம் உபரியாக ஒரு தண்ணீர் பம்ப் இருக்கிறது. விலை, 20 தேங்காய்.

தேங்காய் என்றால் நிஜத் தேங்காய் இல்லை. சுற்றுலா அனுமதியில் வந்த வெளிநாட்டினர், தாங்கள் கொண்டுவந்த பொருளை மெக்சிகோவில் விற்கக் கூடாது. அதனால் வானொலியில் யாரும் டாலர், பெசோ என்று வாய் திறப்பதில்லை. எல்லாமே தேங்காய்க் கணக்கு. மதியம் கரையில் சந்திக்கும்போது அந்தத் தேங்காய் என்னவாக மாறுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் உள்பக்கம், பாலைவனமும் கடலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது லா பாஸ். பெயருக்கு 'அமைதி' என்று பொருள். ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன ஊர். ஜான் ஸ்டைன்பெக் 1947-ல் வெளியிட்ட 'தி பேர்ல்' நாவலின் களம் இதுதான். முத்துச் சிப்பிகள் அருகிவிட்டன. இப்போது இந்த வளைகுடாவுக்கு வருகிறவர்களில் ஒரு தனி ரகம், வீட்டை விற்றுவிட்டுப் படகில் குடியேறிய தம்பதிகள். ஒற்றை உடல் படகுகளுக்கு நடுவே இரட்டை உடல் கேட்டமரன்களும் நிறைய நிற்கின்றன. நம் 'கட்டுமரம்'தான் அந்தச் சொல்லுக்கு மூலம் என்பது அதில் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இவர்களில் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் இதே வயதில், இதே கவலைகளோடு இங்கே வந்து சேரும் பல தம்பதிகளின் கதை இது. அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, மனைவிக்கு இரண்டு மூன்று வயது குறைவு. படகு 38 அடி நீளம், வயது நாற்பது. நவம்பரில் சான் டியாகோவிலிருந்து கிளம்பி, தீபகற்பத்தின் முனையைச் சுற்றிக்கொண்டு வந்து நங்கூரம் போட்டார்கள். அடுத்து போக வேண்டிய இடம் பிரெஞ்சு பாலினேஷியாவின் மார்க்கெசஸ் தீவுகள். தூரம் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ராத்திரி பகலாக ஓடினால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாள். வழியில் கடைகண்ணி உள்ள ஊர் ஒன்றுகூடக் கிடையாது.

எப்போது வேண்டுமானாலும் கிளம்பவும் முடியாது. தெற்கே போய்ச் சேரும் கடலில் ஏப்ரல் வரை புயல் பருவம். புறப்படும் கடலிலோ மே 15-லிருந்து புயல் பருவம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை கதவு கொஞ்சம் திறந்திருக்கும். தவறவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

சும்மா இங்கேயே இருந்துவிடலாமே என்றால், கோடையும் நிம்மதியாகப் போகும் என்று சொல்ல முடியாது. 2014 செப்டம்பரில் ஒடில் சூறாவளி தீபகற்பத்தைத் தாக்கியபோது, இந்த வளைகுடாவில் நின்ற பல படகுகள் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு கரையில் மோதின, சில மூழ்கின. படகிலேயே தங்கியிருந்த சிலர் உயிரிழந்தார்கள்.

ஆக, வேலைப் பட்டியல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார் அவர். ஒன்றை அடித்தால் இரண்டு முளைக்கிற பட்டியல் அது.

ஜனவரியில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். பெரிய சக்கரங்கள் வைத்த தூக்கி, இரண்டு பட்டைகளில் படகைத் தொட்டில்போல் ஏந்திக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கியது. அடிப்பகுதி முழுக்க கொட்டலசுகள். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செம்பு கலந்த விஷ வண்ணம் பூசினால்தான் கடல் ஜீவன்கள் ஒட்டாது. ஒட்டினால் வேகம் குறையும். 23 நாள் பயணம் 30 நாள் ஆகும். குடிதண்ணீர்க் கணக்கே மாறிவிடும்.

வேலையைவிடக் கொடுமை அங்கே வாழ்வது. முட்டுக் கொடுத்து நிறுத்திய படகின் மேல்தளத்துக்குப் பன்னிரண்டடி ஏணி. படகின் கழிப்பறையைக் கரையில் பயன்படுத்த முடியாது என்பதால், நள்ளிரவில் எழுந்தாலும் ஏணியில் இறங்கி முற்றத்தைத் தாண்டிப் போய்வர வேண்டும். அறுபது வயதில்! பாலைவனத் தூசி, ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் பூசியதை மாலையில் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். சொர்க்கத் தீவில் சூரிய அஸ்தமனம் என்று படம் காட்டுகிறவர்கள் இந்த ஏணியைக் காட்டுவதே இல்லை.

உதிரிபாகம் இன்னொரு தலைவலி. வரவழைத்தால் சுங்கத்தில் நாள் போகும். ஊருக்குப் போய்த் திரும்பும் சக பயணி பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுதான் நம்பகமான வழி. உள்ளூர் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். கிடைக்காத பாகத்தைக் கடைந்தே கொடுத்துவிடுவார்கள். ஆனால், எப்போது கிடைக்கும் என்று கேட்டால் 'மன்யானா' என்பார்கள். 'நாளை' என்று அகராதி சொல்லும். 'இன்றைக்கு இல்லை' என்பதே சரியான பொருள். நம் ஊர்த் தச்சரிடம் கட்டில் செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

படகு தண்ணீருக்குத் திரும்பிய பிறகு பாய்மரத்தின் உச்சிக்கு யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். எடை குறைந்தவர் ஏறுவது முறை, அதனால் மனைவி. கித்தான் இருக்கையில் அவர் உட்கார, கணவர் கீழே விஞ்சைச் சுற்றி ஐம்பதடி உயரத்துக்கு ஏற்றினார். மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் எஃகுக் கம்பி ஒவ்வொன்றும் 19 இழை முறுக்கியது. ஒரு கம்பியில், முனை பொருத்தப்பட்ட இடத்தில், ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்ததை அவர் விரல்தான் கண்டுபிடித்தது. 18 இழை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட முடியாது. ஒன்று அறுந்தால் மற்றவையும் களைத்துவிட்டன என்று அர்த்தம். நடுக்கடலில் அந்தக் கம்பி போனால் மரமே சாயும். எல்லாக் கம்பிகளையும் மாற்ற வேண்டும். பட்ஜெட்டில் பெரிய ஓட்டை, காலண்டரில் இரண்டு வாரம் காலி.

அன்று இரவுதான் சண்டை. கம்பியைப் பற்றி அல்ல.

டிசம்பரிலேயே அவர் ஒன்று கேட்டிருந்தார். ராத்திரி கணவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் தன்னால் தனியாகப் படகைத் திருப்பி, அவரைக் கண்டுபிடித்து, மேலே ஏற்ற முடியுமா? அதைப் பழக வேண்டும். கணவர் பட்டியலில் எழுதிக்கொண்டார், கடைசி வரியாக. சோலார் பலகை, உப்புநீரை நன்னீராக்கும் கருவி, புது பேட்டரி என்று எல்லாம் அதற்கு முன்னால் நின்றன. ஜனவரி போனது, பிப்ரவரியும் பாதி போனது. அது நடந்தால் ஒழிய நங்கூரம் தூக்கமாட்டேன் என்று அன்று சொல்லிவிட்டார் மனைவி.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டே பேர் ஓட்டும் படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் காவல். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். விழித்திருப்பவர் விழுந்தால் தூங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், எண்பது கிலோ மனிதரை ஈர உடையோடு, ஆடுகிற படகின் மேல் கையால் தூக்கவே முடியாது. பெரும்பாலும் கடல் ஆசை ஒருவருடையதாகவும் அந்த ஆசைக்காக வந்தவர் இன்னொருவராகவும் இருக்கிறார்கள். முதலாமவர் இல்லாமல்போனால் இரண்டாமவர் கதி என்ன என்பது, பட்டியலின் கடைசி வரியாக இருக்கக் கூடாது.

உதவி கேட்டால் வரும்தான். 2014 ஏப்ரலில், மெக்சிகோவிலிருந்து இதே பாதையில் கிளம்பிய ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் குழந்தைக்கு உடல்நலம் கெட, படகும் பழுதாக, கரையிலிருந்து சுமார் 900 மைல் தொலைவில் மீட்பு வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். குடும்பம் பிழைத்தது. படகை அங்கேயே மூழ்கடித்துவிட்டு வந்தார்கள். ஆனால், அந்த விமானம் வந்துசேர மணிக்கணக்காகும். தண்ணீரில் விழுந்தவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

மறுவாரம் முழுக்க காலை வேளைகளில் வளைகுடாவுக்கு வெளியே போனார்கள். கணவர் ஒரு ரப்பர் மிதவையைக் கடலில் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவருக்குக் கஷ்டமான வேலை. மனைவி தனியாகப் பாயைத் தளர்த்தி, படகைத் திருப்பி, மிதவையைச் சுற்றிவந்து, கயிற்றில் கட்டிய வளையத்தை அதன் அருகே இழுத்துவர வேண்டும். முதல் நாள் நான்கு முறை தவறவிட்டார். ஐந்தாம் நாள் நங்கூரமிட்டபடியே கணவர் நிஜமாகவே தண்ணீரில் இறங்க, பாய் ஏற்றும் கயிற்றை வளையத்தில் மாட்டி, விஞ்சைச் சுற்றி அவரை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார். சொட்டச் சொட்ட உட்கார்ந்து கணவர் செய்த முதல் காரியம், நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தது.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்ற கேள்விக்கு இந்த உலகில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் லின், லாரி பார்டி. தாங்களே கட்டிய, 25 அடிகூட இல்லாத 'செராஃபின்' என்ற மரப்படகில், எஞ்சினே இல்லாமல், கலிஃபோர்னியாவிலிருந்து முதலில் மெக்சிகோவுக்குத்தான் இறங்கினார்கள். 1968-ல் தண்ணீர் தொட்ட படகு அது. 11 ஆண்டுகளில் உலகைச் சுற்றிவிட்டார்கள். அவர்களிடம் கெட்டுப்போக அதிகம் பொருள் இல்லை. லா பாஸில் பத்தாண்டாக 'அடுத்த வருஷம் கிளம்புகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் படகுகளிடம் நிறைய இருக்கிறது.

மார்ச் வந்ததும் சமையலறைப் பொறுப்பு. குளிர்பதனம் செய்யாத முட்டை, தட்டுத் தட்டாக. சில நாளுக்கு ஒருமுறை புரட்டிவைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு, பச்சை எலுமிச்சை. அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் விடுவதில்லை, மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். டின்களின் மேல் மார்க்கரால் பெயர் எழுத வேண்டும். ஈரத்தில் காகிதம் உரிந்துவிட்டால் பீன்ஸ் எது, பீச் பழம் எது என்று தெரியாது.

கடைசியாகத் துறைமுகத் தலைமை அலுவலகம், குடியேற்றம், சுங்கம் என்று மூன்று வாசல் ஏறி, 'சர்பே' என்ற புறப்பாட்டுச் சீட்டு வாங்கியாயிற்று. புறப்படும் நாள் காலை எட்டு மணிக்கு வானொலியில் மனைவிதான் பேசினார். ஒரு ஏணி, அரை டின் வண்ணம், உப்புத்தாள் கட்டு ஒன்று, விலை இரண்டு தேங்காய். மூன்று படகுகள் போட்டி போட்டன.

நோட்டில் பதினொரு வரி இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. கணவர் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, நங்கூரச் சங்கிலியை இழுக்க முன்பக்கம் போனார். சுக்கானைப் பிடித்திருந்தவர் மனைவி.