வடக்கு ஆற்றுப் பயணத்தின் பெருமை யாருக்கு?

1789 ஜூன் மாதம் கனடாவின் அதபாஸ்கா ஏரிக்கரையிலிருந்து படகில் புறப்பட்ட அலெக்சாண்டர் மெக்கன்சி, ஜூலையில் ஆர்க்டிக் கடலைத் தொட்டார். அவர் சென்ற பேராறு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு வடக்கின் பூர்வகுடிகளுக்கே உரியது. படகே அவர்கள் கண்டது. பிர்ச் மரப்பட்டையை ஸ்ப்ரூஸ் வேரால் தைத்து, தையல்மேல் பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். பாறையில் மோதிக் கிழிந்தால் கரையேறி, காட்டிலேயே பட்டை உரித்து ஒட்டுப்போட்டுவிடலாம். அருவி குறுக்கிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கனத்த பலகைப் படகில் இது நடக்காது. மொழிபெயர்ப்பாளராகவும் வேட்டையாடி உணவு தந்தவராகவும் தெனே இனத் தலைவர் ஒருவர் உடன் சென்றார். கூட வந்த பெண்கள் மூஸ் மான் தோலில் ஓயாமல் காலணி தைத்தார்கள்.

துணிந்து கிளம்பியவரும் வரைபடத்தில் ஏற்றியவரும் மெக்கன்சிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1793இல் பசிபிக் நோக்கிய பயணத்தில் படகு பாறைகளில் மோதி நொறுங்கியபோதும் அவர் திரும்பிவிடவில்லை. அந்த நெஞ்சுரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிறகு படகை விட்டிறங்கி அவர் கடலை நோக்கி நடந்த தடம், பூர்வகுடிகள் மீன்நெய் வணிகத்துக்காகத் தலைமுறைகளாக நடந்த பாதை. வரைபடத்தில் மெக்கன்சி பெயர் இருக்கட்டும். வழிகாட்டியவர்களுக்கும் பாடநூல்களில் இடம் கொடுக்க வேண்டும்.