தரையே டச் ஸ்க்ரீன்: மெல்பர்ன் ஒராங்குட்டான்களின் கேம்



இந்த வார எபிசோட்ல நேரம் பத்தாம பாதியில விட்ட கேள்வி இது: ஸூவில் இருக்கிற ஒராங்குட்டானுக்கு எதுக்கு வீடியோ கேம்?

காட்டில் அதுக்கு நாள் முழுக்க வேலை இருக்கு. எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கு, ராத்திரி எங்கே கூடு கட்டலாம்னு யோசிக்கணும். ஸூவில் சாப்பாடு தானா வந்துடும். அவ்வளவு பெரிய மூளைக்குப் போரடிக்காம என்ன செய்யும்? அதனாலதான் பராமரிப்பாளர்கள் சாப்பாட்டைப் புதிர்ப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிறாங்க.

மெல்பர்ன் ஸூவில் முதல்ல டேப்லட் காட்டிப் பார்த்தாங்க. ஆனா ஒராங்குட்டான் கையில கொடுத்தா உடைச்சிடும். பராமரிப்பாளர் வலைக்கு வெளியே பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உள்ளேயிருந்து விரல் மட்டும் நீளும். எப்போ ஆரம்பிக்கிறது, எப்போ முடிக்கிறதுன்னு முடிவு பண்றதும் மனுஷன்தான்.

2016-இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஸூஸ் விக்டோரியாவும் சேர்ந்து வேற வழி பிடிச்சாங்க. ப்ரொஜெக்டர் கூண்டுத் தரையில் படத்தை விழ வைக்கும். எக்ஸ்பாக்ஸோட வந்த கினெக்ட் சென்சார், எது எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு அகச்சிவப்பு ஒளியால அளந்து, உடம்பு படத்தை எங்கே தொடுதுன்னு கண்டுபிடிக்கும். (நம்மில் பல பேர் வீட்டு டிவிக்குக் கீழே தூசி பிடிச்சுக் கிடந்த அதே கறுப்புப் பெட்டிதான்.) உடைக்கிறதுக்கு உள்ளே எதுவுமே இல்ல.

மாலு என்ற ஆண் ஒராங்குட்டான் முதல் தடவை அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நேரா போய் முத்தம் கொடுத்துட்டான்! அழகா இருக்குன்னு சிரிக்கலாம். எனக்கு இதில் டிசைன் பாடம்தான் தெரியுது: டச்னா விரல்தான்னு நினைச்சது நாம. அவங்க உதட்டாலயும் உலகத்தைத் தொட்டுப் பார்க்கிறவங்க.

இதெல்லாம் வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கான ஷோதானேன்னு கேட்டா, அந்தப் பக்கமும் இருக்கு. பார்வையாளர்கள் என்ன நினைக்கிறாங்கன்னும் ஆய்வாளர்கள் சேர்த்தே படிச்சாங்க. ஒராங்குட்டான் இனங்கள் மூணுமே அழிவின் விளிம்பில் இருக்கிறப்போ, ஒரு கேம் காட்டுக்கு ஈடாகாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லல. ஆனா விளையாடலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கிறது மாலு. அதுதான் எனக்குப் பிடிச்சது. நம்ம ஃபோன்ல இருக்கிற ஆப் எல்லாம் நாம எழுந்து போகக் கூடாதுன்னே செஞ்சது. இங்கே அவன் முதுகைக் காட்டிட்டுக் கயிறேறிப் போனாலும் சிஸ்டம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.